எழுசுடர்ப் பேரரசின் வாசலில் நின்றவர்

பிள்ளைகளோடு பேசத் தொடங்கும் முன் பிராங்கிளின் மாமா தொப்பியைக் கழற்றிவிடுவார். கழற்றி, உட்புறம் மேலே தெரியும்படி நாற்காலியில் வைப்பார். லாரி ஹாரன் கேட்டாலோ முதலாளியின் கார் திருப்பத்தில் தெரிந்தாலோ, பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துத் தலையில் வைப்பார். அதன்பிறகு நாங்கள் யாரென்றே அவருக்குத் தெரியாது. லாரி உள்ளே போனதும் மறுபடி தொப்பி நாற்காலிக்குப் போகும், விட்ட இடத்திலிருந்து கதை தொடரும். இரண்டாம் வகுப்பில் இதைக் கவனித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் பார்த்தேன், ஒரு நாளும் அவர் தவறியதில்லை.

பேகம்பூரைத் தாண்டி இருந்த ஒரு தோல் ஆலைக்கு அவர் வாசல்காவலர். சட்டையில் ‘செக்யூரிட்டி’ என்று தைத்திருக்கும். என் அம்மா பேச்சாயி அந்த ஆலையில் காய்ந்த தோலுக்கு ஓரம் நறுக்கினாள். உள்ளே சுண்ணாம்புத் தொட்டிகளும் மருந்துத் தொட்டிகளும் திறந்தே கிடக்கும் என்பதால் பிள்ளைகளுக்கு அனுமதி கிடையாது. பள்ளி விட்டதும் நானும் அயாஸும் இன்னும் சில பிள்ளைகளும் கேட்டுக்கு வந்து, ஆலைச் சங்கு ஊதி அம்மாக்கள் வெளியே வரும்வரை வேப்பமரத்தடியில் காத்திருப்போம். அந்த நேரம்தான் எழுசுடர்ப் பேரரசுக்கு.

அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பேரரசு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய காலத்தில், கேரளா லாரிக்குக் காத்திருக்கும்போது யோசித்தது என்பார் மாமா. ஏழு சூரியன்கள், அவற்றைச் சுற்றி எண்ண முடியாத கோள்கள், அத்தனைக்கும் ஒரே சிம்மாசனம். பேரரசு ஒரு கோளைப் பிடித்தால் அங்கிருந்து பொன்னோ பொருளோ எடுக்காது. அந்தக் கோளில் யாருக்குப் பெரிய சக்தி இருக்கிறதோ அவரைக் கூட்டிக்கொண்டு போய் அரண்மனை வாசலில் காவலுக்கு நிறுத்தும். அப்படி நின்றவர்கள் ஏழு பேர். எனக்கு ஐந்து பேர்தான் நினைவில் இருக்கிறார்கள். மலையன், எங்கள் மலைக்கோட்டைப் பாறை எழுந்து நின்றாற்போல இருப்பவன், அவன்மேல் மோதினால் விண்கலம் அப்பளமாகிவிடும். செவியாள், அடுத்த கோளில் ஒருவன் மனதுக்குள் சொல்லும் பொய்யைக் கேட்பவள். தாழன், எந்தக் கதவில் கை வைத்தாலும் அது பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டுக்குச் சாவியே கிடையாது, அவனுக்கும் திறக்கத் தெரியாது. மூக்கிலி, விஷப்புகை எதுவும் அண்டாதவன்.

“மூக்கிலி நம்ம லைன் வீட்டுக்காரனா மாமா?” என்று அயாஸ் கேட்டான். ஆலை ஆட்கள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் எந்நேரமும் தோல் நாற்றம் அடிக்கும்.

“இல்லலே. ஆனா இங்க வேலைக்கு வந்தா உங்க அம்மாவுக்கு மேல சம்பளம் வாங்குவான்.”

ஐந்தாவது ரெட்டைச்சி. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்பவள். சண்டை போட மாட்டாள், பறக்க மாட்டாள். எங்களுக்கு அவளைப் பிடிக்காது. உங்களுக்கு எந்தச் சக்தி வேண்டும் மாமா என்று கேட்டால் அவர் யோசிக்காமல் ரெட்டைச்சியோடது என்பார். நாங்கள் சிரிப்போம். காலை ஆறு மணிக்கு வந்து நிற்கிற ஒரு ஆள் ஏன் அதைக் கேட்கிறார் என்று அப்போது எங்களுக்கு எப்படித் தெரியும்.

“அவங்கள்லாம் சொந்த ஊருக்குத் திரும்பப் போக மாட்டாங்களா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மாத்தாள் வந்தா போவாங்க பாப்பா.”

“எப்ப வருவாங்க?”

“வருவாங்க.”

மாற்று ஆள் வராமல் வாசலை விட்டு நகரக்கூடாது. அது ஆலையின் விதி, அதையே அவர் பேரரசுக்கும் கொடுத்திருந்தார். இன்னொரு விதியும் இருந்தது. காவலர்கள் சத்தியம் செய்து கொடுத்தது அரசனுக்கு இல்லை, சிம்மாசனத்துக்கு. அதில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் சொல்வதுதான் உத்தரவு.

“கெட்டவன் வந்து உக்காந்துட்டா?” என்றான் அயாஸ்.

மாமா தலையைத் தடவிக்கொண்டார். “அத நாளைக்குச் சொல்றேன்” என்றார். மறுநாள் கேட்டோம். அதற்கடுத்த வாரமும் கேட்டோம். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு லாரி வந்தது.

அப்போது ஆலையின் முதலாளி ரஹ்மத்துல்லா. கனத்த உடம்பு, மெல்லிய குரல். மார்க்கெட்டில் இடுப்பு பிடித்துக்கொண்டு மூட்டை தூக்க முடியாமல் அலைந்த பிராங்கிளின் மாமாவைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் அவர்தான். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் பள்ளி விட்டு வந்தால், கேட்டில் ரஹ்மத்துல்லா முதலாளி நிற்கிறார். வெள்ளைத் தொப்பியின் மேலேயே செக்யூரிட்டி தொப்பியை வைத்திருந்தார். கழுத்தில் விசில்.

மாமாவின் மனைவி இஞ்ஞாசியம்மாள் அத்தைக்கு அன்று வயிற்றுக்குள் ஏதோ வெடித்து, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். போன் வந்தபோது மாமா கேட்டை விட்டு நகரவில்லையாம். மாற்று ஆள் ஊரில் இல்லை. விஷயம் கேள்விப்பட்டு முதலாளி இறங்கி வந்து, மாமாவின் தலையிலிருந்து தொப்பியைத் தன் கையாலேயே எடுத்திருக்கிறார். “ஒன் எடத்துல நான் நிக்கிறேன். போ.”

நாங்கள் மரத்தடியில் ஒடுங்கி உட்கார்ந்தோம். செத்த நேரம் கழித்து முதலாளியே கேட்டார்.

“என்னமோ கதை ஓடுமாமே இங்க?”

“எழுசுடர்ப் பேரரசு” என்றான் அயாஸ்.

“அதுல யாருலே ராசா?”

“ராசாவப் பத்தி மாமா சொல்லல. வாசல்ல நிக்கிறவங்க கதைதான்.”

“ராசா இல்லாம என்ன கதை” என்று சிரித்தார். அந்த நேரம் உப்புத்தோல் லாரி ஒன்று வந்தது. முதலாளி எழுந்து விறைப்பாக சல்யூட் வைத்தார். டிரைவர் பயந்துபோய் வண்டியை விட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

அத்தை பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதன்பிறகு மாத்திரை இல்லாமல் ஒரு மாதமும் கழிந்ததில்லை. மாமா வேலைக்குத் திரும்பிய காலை, முதலாளியின் காரை நிறுத்தி, “ஒரு நாள் காவல் ஒங்களுக்கு நான் பாக்கி, மொதலாளி” என்றார்.

“அப்படியா. அப்ப ஒன்னு செய்யி. நான் மவுத்தாப் போற அன்னிக்கு எங்க வீட்டு வாசல்ல வந்து நில்லு. தோல் யாவாரி வீட்டு மவுத்து. வர்றவன் அம்புட்டுப் பேரும் நல்ல செருப்பாப் போட்டுக்கிட்டு வருவான். ஒரு சோடி காணாமப் போனாலும் என் பேருதான் கெடும்.”

தன் சாவைப் பற்றி அவர் அப்படிப் பேசியதும் கூட இருந்த கணக்கர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. தொப்பி தலையில் இருந்தது. “சரிங்க மொதலாளி” என்று சல்யூட் வைத்தார். அதற்குப் பிறகு அதை எல்லாரிடமும் சொல்வார், டீக்கடையில், கோவிலில், எங்கள் வீட்டில். “இருக்குற மனுசன நித்தமும் மவுத்தாக்காதீங்க” என்று அத்தை வைவாள்.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம் முதலாளி மாறினார். குடும்பத்துக்குள் என்ன நடந்தது என்று லைன் வீடுகளில் ஆளுக்கொன்று சொன்னார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ரஹ்மத்துல்லாவின் கார் வருவது நின்றது, அவருடைய தம்பி மகன் முனீரின் கார் வரத் தொடங்கியது. கொஞ்ச நாளில் முனீர் கார் கண்ணாடியை இறக்கி மாமாவிடம் சொன்னதை நாங்களே கேட்டோம். “பெரியத்தா வந்தா உள்ள விடாத. யாரு சொன்னாலும் சரி.” அவர் முகம் சிவந்திருந்தது. சொல்லிவிட்டு யாருக்கோ போன் செய்துகொண்டே போய்விட்டார்.

ரஹ்மத்துல்லா ஒரு மதியம் ஆட்டோவில் வந்து இறங்கினார். அன்று பள்ளி அரைநாள். மரத்தடியில் நாங்கள் இருந்தோம். சாப்பாட்டு நேரமானதால் பெண்களும் வெளியே வந்திருந்தார்கள். மாமா பேரரசின் கதையில் இருந்தார். ஆட்டோவைப் பார்த்ததும் எழுந்தார். நாற்காலியில் இருந்த தொப்பியை ஒரு கணம் பார்த்தார். பிறகு எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“கேட்டைத் தொறப்பா. காயப்போட்ட தோலைப் பாத்துட்டுப் போயிர்றேன்.”

“உள்ள விட உத்தரவு இல்லிங்க மொதலாளி.”

“யாரு உத்தரவு?”

“மொதலாளி உத்தரவுங்க.”

“அப்ப என்னைய ஏன்லே மொதலாளிங்கிற?”

மாமா உள்ளே போய்த் தன் நாற்காலியைத் தூக்கிவந்து வெளிப்பக்கம், வெயிலில், அவருக்குப் பக்கத்தில் வைத்தார். துண்டால் துடைத்தார். ரஹ்மத்துல்லா உட்காரவில்லை. கேட் கம்பிக்குள் தெரிந்த முற்றத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கடைசியில் ரஹ்மத்துல்லாதான், “சரி, நீ ஒன் வேலையத்தான் பாக்குற” என்றார். அதில் கோபம் இருந்ததா என்று பிறகு எத்தனையோ பேர் விவாதித்தார்கள். எனக்குக் கேட்ட வரையில் இல்லை. ஆட்டோ திரும்பியபோது மாமா சல்யூட் வைத்தார். அவர் பார்க்கவில்லை.

அயாஸ் என் காதில், “கெட்டவன் உக்காந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சிருச்சு” என்றான். மெதுவாகத்தான் சொன்னான். மாமாவுக்குக் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் முனீரின் கார் கேட்டில் நின்றது.

“பெரியத்தாவ நெசமாவே நிப்பாட்டிட்டியாமே.”

“நீங்க சொன்னீங்களே மொதலாளி.”

“கோவத்துல ஆயிரம் சொல்லுவேன். என்னையத் தூக்கி வளத்தவருய்யா அவரு. வந்தா தொறக்காம இருப்பியா நீயி? ஊரே என்னையக் காறித் துப்புது.”

கண்ணாடி ஏறிக்கொண்டது. மாமா சல்யூட் வைத்த கையை இறக்க மறந்து நின்றார். அந்த உத்தரவை அந்த ஆலையில் வேறு யாராக இருந்தாலும் காற்றில் பறக்கவிட்டிருப்பார்கள். உத்தரவு போட்டவரே அப்படித்தான் நினைத்திருந்தார். நம்பியவர் இவர் ஒருவர்தான்.

அதன்பிறகு மாமா தொப்பியைக் கழற்றவில்லை. நாங்கள் போய் உட்கார்ந்தால், “வெயிலாருக்கு, வீட்டுக்குப் போங்க” என்பார். ரஹ்மத்துல்லா மறுபடி வரவே இல்லை. மாமா அவர் வீட்டுக்குப் போகலாமே என்று அம்மா சொல்வாள். “எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு” என்பார். வேலையை விட்டுவிடலாமே என்று யாரும் சொல்லவில்லை. இடுப்பு போன ஆளுக்கு, மாத்திரை தின்னும் மனைவி உள்ள ஆளுக்கு, அதைச் சொல்வது எளிதில்லை.

இதை நான் ஏன் இவ்வளவு யோசிக்கிறேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியது நான். வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் மதுரையில் ஒரு நேர்காணலில், ‘மேலதிகாரி சொல்வது தவறு என்று தோன்றினால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டார்கள். அயாஸின் கேள்விதான், ஏசி அறைக்குள். அவர்களுக்குப் பிடிக்கும் ஒரு பதிலைச் சொன்னேன். பேருந்தில் வரும்போது, அந்த மதியம் நான் கேட்டில் நின்றிருந்தால் திறந்திருப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன். திறந்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது.

கல்லூரி இரண்டாம் ஆண்டு விடுமுறையில் நான் வீட்டிலிருந்தபோது ரஹ்மத்துல்லா இறந்தார். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். முனீர் அன்று ஆலையை மூடிவிட்டார். தொட்டி ஆட்கள், டிரைவர்கள், கணக்கர், எல்லாரும் போனார்கள். மூடிய ஆலைக்கும் கேட்டில் ஒரு ஆள் வேண்டும். அன்று மதியமே வருவதாக இருந்த மாற்று ஆள் நேராகச் சாவு வீட்டுக்கே போய்விட்டார். அவரை முனீர் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள நிறுத்தியிருப்பதாகத் தகவல் வந்தது.

நானும் அம்மாவும் துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில் கேட்டில் நின்றோம். மாமா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீ போகலயாண்ணே?” என்றாள் அம்மா.

“மாத்தாள் வரல.”

“நான் நிக்கிறேன். போய்ட்டு வா.”

“நீ நிக்கக் கூடாது பேச்சாயி.”

“அன்னிக்கு ஒனக்காக அவரு நின்னாருல்ல. அவரு என்ன செக்யூரிட்டியா?”

“அவரு மொதலாளி. எங்க வேணா நிக்கலாம்.”

“இன்னிக்கு விட்டா என்னிக்குக் குடுக்கப் போற அந்தக் கடனை?” அம்மா கையை நீட்டினாள். “தொப்பியக் குடு.”

ரஹ்மத்துல்லாவைத் திருப்பியனுப்பிய அந்த மதியத்துக்குப் பிறகு அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்தது அப்போதுதான். முடி முழுக்க நரைத்திருந்தது. தொப்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வேகமாக நடந்தார், இடுப்பு ஒரு பக்கம் இழுக்க. சாவு வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நாங்கள் சரியாக உட்காரக்கூட இல்லை, திரும்பி வந்துவிட்டார்.

“போனியா?”

“தெருமுனை வரைக்கும் போனேன். அம்புட்டுச் செருப்பு கெடக்குது பேச்சாயி. தெரு வரைக்கும் கெடக்குது. பாக்குறதுக்கு ஆளில்ல.”

“பின்ன ஏன் வந்த?”

“முனீர் மொதலாளி வாசல்லயே நிக்கிறாரு. என்னையப் பாத்தா கேட்டுல யாருன்னு கேப்பாரு.”

“பேச்சாயின்னு சொல்ல வேண்டியதுதான.”

அவர் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். தூரத்தில் ரஹ்மத்துல்லாவின் ஜனாஸாவைத் தோளில் தூக்கிப்போகும் சத்தம் கேட்டது. கேட்டின் முன் விறைப்பாக நின்றார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வழியில், “பயந்தாங்கொள்ளி” என்றாள். கொஞ்ச தூரம் போனதும், “பாவம்” என்றாள். விதியை மீற முடியாமல் திரும்பினாரா, அந்த வீட்டு வாசலுக்குப் போக முகம் இல்லாமல் விதியைப் பிடித்துக்கொண்டாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

போன வருடம் அவர் நுரையீரல் கெட்டுப் படுத்துவிட்டார். நான் பார்க்கப் போனபோது தொப்பி சுவரில் ஆணியில் தொங்கியது. அவராகவே தொடங்கினார்.

“அயாஸ் ஒன்னு கேட்டானே பாப்பா.”

“ஆமா மாமா.”

“புது ராசா உக்காந்தான். பழைய ராசா வாசலுக்கு வந்தாரு. ஏழு பேரும் பாத்துக்கிட்டுத்தான் நின்னாங்க. தாழன் கதவுல கை வச்சான்.”

“அப்புறம்?”

“அவனுக்குத்தான் தெறக்கத் தெரியாதுல்ல.”

“ரெட்டைச்சி?”

வெகுநேரம் மூச்சு வாங்கினார். “அவ வாசல்லயும் நின்னா. ராசா கூடவும் நடந்து போனா. ஆனா ராசா திரும்பிப் பாக்கல. கூட வர்றது அவருக்குத் தெரியாமயே போச்சு.”

அத்தை வந்து, பேசாதீங்க, இருமல் வரும் என்றாள். அடுத்த வாரம் மாமா இறந்தார். முனீர் மாலை கொண்டுவந்தார். கேட்டில் மாற்று ஆள் இருந்ததால் ஆலை ஆட்கள் எல்லாரும் வந்தார்கள்.

சடங்கெல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இஞ்ஞாசியம்மாள் அத்தை என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரஹ்மத்துல்லாவின் வீட்டுக்குப் போனாள். அவருடைய மனைவி காதர் பீவி எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார்.

“எங்க வீட்டுக்காரர் ஒங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாள் காவல் பாக்கி வச்சிட்டுப் போயிட்டாரும்மா” என்றாள் அத்தை. “அத எப்படித் தீக்கிறதுன்னு எனக்குத் தெரியல. மனசுல வச்சிக்காதீங்கன்னு சொல்ல வந்தேன்.”

காதர் பீவி தன் டம்ளரை எடுத்தார்.

“மனசுல என்ன இருக்கு. அவரு படுக்கையில கெடக்குறப்பவும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. செருப்பப் பத்திக் கவலப்படாதீங்க, பிராங்கிளின் வந்து நிப்பான்னு.” டம்ளரைக் கையில் உருட்டினார். “அன்னிக்கு நாலஞ்சு சோடி காணாமப் போச்சு. வெளியூர்லருந்து வந்த மனுசங்க வெறுங்காலோட போனாங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அந்தப் பாக்கி போகட்டும் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்து அத்தை காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. டீ குடித்துவிட்டு எழுந்தோம். வாசலில் எங்கள் செருப்பு விட்ட இடத்திலேயே இருந்தது.